கசக்குதா ஏழுமலை?

புதிதாக ஆம்புலன்ஸ் பணிக்கு வந்திருக்கும் உங்கள் முன் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதியே தந்துவிடுகிறேன் என்றேன். பேசினால் பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும், அப்புறம் ஓய்வு பெற்ற பயிற்சி அதிகாரி என்ற மரியாதை போய்விடும். பெருந்தொற்று வந்தால் நம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்பதுதான் கொடுத்த தலைப்பு. அதற்குத்தான் உங்களுக்குக் கையேடு கொடுத்திருக்கிறார்களே, படித்துப் பாருங்கள், நல்ல தூக்கம் வரும். நான் தாடியைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

கொரோனா ஓய்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அடுத்த பெருந்தொற்று இன்ஃப்ளூயன்சாவாக இருக்கலாம், ஆம்புலன்ஸ் ஆட்களைத் தயார் செய்யுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அடையாறில் எங்கள் பயிற்சிக் கூடம். டிரைவர்களையும், பின்னால் நோயாளியோடு உட்காரும் டெக்னீஷியன்களையும் என் கையில் ஒப்படைத்தார்கள். எல்லோரும் கொரோனாவில் இரவு பகல் பார்க்காமல் ஓடியவர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்வதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. எதைச் சொன்னாலும், "கொரோனாவையே பாத்துட்டோம் மேடம், ஃப்ளூ இன்னா பண்ணிடும்?" என்பார்கள். ஒருமுறை தப்பித்த மனிதனுக்குத் தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதில் பாதி அதிர்ஷ்டம் என்று எவனும் ஒத்துக்கொள்வதில்லை.

அந்தப் பயிற்சியில் மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஃபிட் டெஸ்ட் என்று நீங்களும் செய்யப்போகிறீர்கள். என்-95 மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேல் ஒரு பெரிய உறையைக் கவிழ்ப்போம், முன்பக்கம் முகம் தெரிகிற மாதிரி கண்ணாடித்தாள் இருக்கும். அதில் உள்ள ஓட்டை வழியாகக் கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவோம். உள்ளே இருப்பவர் தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். நாக்கில் கசப்பு தட்டினால் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். கசப்பு நுழைகிற வழியில் கிருமியும் நுழையும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கசக்கிறதா இல்லையா என்பது அந்த ஆளின் நாக்குக்கு மட்டும்தான் தெரியும். எட்டிப் பார்க்க நமக்கு வழி இல்லை. அவர் சொல்வதை நம்பித்தான் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு மேலிடம் நாள் குறித்ததே, அதைச் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்த வாரம். என் ஆட்களில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, வெறுங்கால், எடுக்காத தாடி. மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கூடத்தில், "சாமி, கிளவுஸ் போடுங்க சாமி", "சாமி, அந்த ஸ்ட்ரெச்சரைப் புடிங்க சாமி" என்று ஒரே சாமி மயம். மூத்த டெக்னீஷியன் காதர் பாய் கூட காதர் சாமி ஆகிவிட்டார். அவரும் சளைக்காமல், "சொல்லு சாமி" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ் போட வேண்டும் என்றதும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பூட்ஸ் செருப்பில் சேருமா, சேராதா? யாரோ குருசாமிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். டூட்டிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு கிடைத்தது. தாடியைப் பற்றிக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

தாடிதான் விவகாரம். மாஸ்க்கின் ஓரம் தோலில் ஒட்ட வேண்டும், மயிரில் ஒட்டாது. இதை நான் படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்கள்.

முதலில் காதர் பாய் வந்து உட்கார்ந்தார். ராயப்பேட்டைக்காரர், நெஞ்சைத் தொடும் வெள்ளைத் தாடி. ஒரு தடவை பீய்ச்சினேன், கையைத் தூக்கிவிட்டார்.

"போதும் மேடம். வேப்பெண்ண குடிச்ச மாதிரி கீது. தாடி எடுக்க மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன். கன்ட்ரோல் ரூம்ல ஒரு சேர் போட்டுருங்க, போன் எடுக்கறேன்."

விஷயம் முடிந்தது. அடுத்தடுத்து வந்த சாமிகள் எல்லோரும் கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அப்புறம் ஏழுமலை வந்தான். டிரைவர், திருவான்மியூர்க்காரன், என்னைவிட வெகு சின்னவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனுக்கும் அடர்ந்த தாடி. ஆனால் கழுத்தில் மாலை இல்லை, காலில் ஷூ இருந்தது.

"நீ மலைக்குப் போகலையே, உனக்கு எதுக்குப்பா தாடி?" என்றேன்.

"சும்மா ஸ்டைல் மேடம்," என்றான்.

ஸ்டைலுக்கு வைத்த தாடியை எடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். "பாஸாயிட்டா எடுக்க வேணாம் இல்ல மேடம்?" என்று திருப்பிக் கேட்டான். சரி என்று உறையைக் கவிழ்த்து, எதையாவது பேசிக்கொண்டே இரு என்றேன். பஸ் ஸ்டாப் பெயர்களை ஒப்பிக்க ஆரம்பித்தான். திருவான்மியூர், அடையாறு, மந்தைவெளி, சாந்தோம். நான் பீய்ச்சினேன், குனியச் சொன்னேன், நிமிரச் சொன்னேன், மறுபடி பீய்ச்சினேன்.

"கசக்குதா ஏழுமலை?"

"கசக்கல மேடம்."

சாமிகள் கூட்டம் சரணம் போடாத குறை. அவர்களை விட அதிகமாக மகிழ்ந்தவர் எங்கள் மேலதிகாரி. அவரும் அந்த ஆண்டு மாலை போட்டிருந்தார், அவருக்கும் தாடி. நல்ல மனிதர்தான், ஆனால் எந்தப் பிரச்சினையையும் அது இல்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"பாத்தீங்களா மேடம், தாடி ஒரு தடையே இல்ல. மாஸ்க்கை இறுக்கமா மாட்டினா போதும்னு எழுதிடுங்க. நாளை மறுநாள் ஒத்திகை. பெரியவங்கல்லாம் பார்க்க வராங்க. அத்தனை வண்டியும் ஆளோட ஓடணும்."

ஒரு ஆளின் ஒரு வார்த்தையை வைத்து ஊரில் உள்ள தாடிக்கெல்லாம் அனுமதி. நான் கொஞ்சம் மழுப்பினேன், நாளைக்கு மறுபடி ஒருமுறை சோதித்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். எனக்கு அந்தத் தேர்ச்சி மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் பொய் என்று சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மதியம் ஏழுமலையை மறுபடி உட்கார வைத்தேன். இந்த முறை நானும் கொஞ்சம் தந்திரக்காரி ஆனேன். முதலில் மாஸ்க் இல்லாமல் உறையை மட்டும் கவிழ்த்துப் பீய்ச்சினேன். "அய்யய்யோ" என்று முகம் கோணிப்போனது. ஆக, நாக்கு வேலை செய்கிறது. பிறகு வாய் கொப்பளிக்கச் செய்து, மாஸ்க் மாட்டி, உறையைக் கவிழ்த்து, தாராளமாகவே பீய்ச்சினேன். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு கண்ணையும் அகல விரித்து, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், உண்மை பேசுகிறவன் பார்வை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களை எடைபோடுவதில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுப் பை, வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்.

"மேடம், நான் செல்வி. ஏழுமலை வூட்டுக்காரி. ஆஸ்பத்திரில செக்கப்புக்கு வந்தேன், அப்டியே சோறு குடுத்துட்டுப் போலாம்னு."

கூடமே அவள் வயிற்றைப் பார்த்தது. ஏழுமலைக்குக் கல்யாணம் ஆனது எல்லோருக்கும் தெரியும். இது ஒருவருக்கும் தெரியாது. அவனோடு ஒரே வண்டியில் வேலை செய்த காதர் பாய்க்குக்கூடத் தெரியாது.

செல்வி உறைக்குள் இருந்த புருஷனைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாய்யா இது, பிளாஸ்டிக் கொடத்தக் கவுத்துக்கினு குந்திக்கீற?"

சிரிப்பு அடங்கட்டும் என்று நானும் காத்திருந்துவிட்டு, சோதனையை முடிக்கிற எண்ணத்தில் கேட்டேன்.

"கசக்குதா ஏழுமலை?"

"கசக்கல மேடம்."

செல்வியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பொய் சொல்றாரு மேடம்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முழுகாம ஆனதுலேர்ந்து எனக்கு அடுப்பு வாசனையே ஆவல மேடம். மூக்கைக் கட்டிக்கினு சமைக்கிறேன், வாயில வச்சுப் பாக்கறதே கெடையாது. ஒரு நாளு உப்பு இருக்காது, ஒரு நாளு உப்பு மட்டும்தான் இருக்கும். எப்டி கீதுன்னு கேட்டா, இதோ இப்டித்தான், ரெண்டு கண்ணையும் முட்டை மாதிரி தொறந்துக்கினு, சூப்பரா கீதுன்னு சொல்லுவாரு. அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. சாமிகள் விரதத்தை மறந்து மேஜையைத் தட்டினார்கள். நான் மட்டும் ஏழுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறையைக் கழற்றினான், மாஸ்க்கைக் கழற்றினான், முதல் வேலையாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து அண்ணாந்து கடகடவென்று முழுவதையும் குடித்தான். அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"ஏன்ப்பா?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "வண்டில போற டீம்ல இருக்கறவங்க வூட்டுக்குத்தான் மொத தடுப்பூசின்னு சொன்னாங்க மேடம். ஃப்ளூ வந்துச்சுன்னா ஊசி எல்லாருக்கும் கெடைக்காதாம். இவளுக்கு வோணும் மேடம். அதான்."

யார் கிளப்பிவிட்ட புரளியோ தெரியாது. நம் தொழிலில் உத்தரவு மெதுவாக வரும், புரளி சைரன் போட்டுக்கொண்டு வரும். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அட மடையா, புள்ளத்தாச்சிங்களுக்குத்தான்யா முதல்ல ஊசி. நீ வண்டி ஓட்டினாலும் அதே, வீட்ல படுத்துத் தூங்கினாலும் அதே. திட்டத்துல முதல் பக்கத்துலயே இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

அவன் பதில் சொல்வதற்குள் செல்வி எழுந்துவிட்டாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"யோவ், எனக்கு ஊசி வாங்கறதுக்குப் பொய் சொல்லிட்டு, அந்த ஜொரத்தையே எனக்குக் கொணாந்து குடுப்பியா? ரெண்ட தொலைச்சது போதாதா?"

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "ரெண்டு தடவ தங்கல மேடம். ரெண்டு தடவையும் நாள் தள்ளிச்சுன்னதும் தெருவெல்லாம் ஸ்வீட் குடுத்தாரு. அதான் இந்தத் தடவ யார் கிட்டயும் வாயே தொறக்கல. தாடியும் அதுக்குத்தான். பொண்டாட்டி முழுகாம இருந்தா புருசன் முடி எடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க இல்ல, மொத ரெண்டு தடவையும் இவரு எடுத்துட்டாரு."

ஸ்டைல் என்றானே, அந்தத் தாடி இதுதான். இத்தனை மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல், கேட்டவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு, பயத்தை மட்டும் முகத்தில் வளர்த்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி உள்ளே வந்தார். சங்கதி கேட்டார். மறுநாள் ஒத்திகை, ஒரு டிரைவர் குறைகிறான் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

"இதுல என்ன மேடம் யோசனை? எடுத்துட்டா போச்சு. பக்கத்துலயே சலூன் இருக்கு. இந்தக் காலத்துல போய் இந்த மாதிரி மூடநம்பிக்கை எல்லாம் பார்த்துக்கிட்டு."

"சாமி," என்றேன், பணிவாகத்தான் சொன்னேன், "உங்க தாடி நம்பிக்கை, அவன் தாடி மூடநம்பிக்கையா?"

அவர் தன் தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் விடவில்லை. "எதுக்கும் நீங்களும் ஒரு தடவை உக்காந்து பாருங்க சாமி. தாடி தடையில்லைன்னு எழுதச் சொன்னீங்க இல்ல, உங்க பேரையும் சேத்து எழுதிடறேன்." எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. உறைக்குள் தலையை விட்டார். நான் பீய்ச்சினேன். அளவு கொஞ்சம் கூடிப்போயிருக்கலாம், வயதான கை. "பகவானே" என்று இருமிக்கொண்டே வெளியே வந்தார். அதற்குப் பிறகு எழுதிவிடுங்கள் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆனால் என் சிக்கல் தீரவில்லை. ஏழுமலை என் முன் வந்து நின்றான்.

"எடுத்துடறேன் மேடம். வண்டிய வுட்டு எறக்காதீங்க. எடுத்தா கொயந்திக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே போய் எடுத்துக்கினு வரேன்."

பிள்ளைகளே, நீங்கள் நோயாளியைப் பார்த்து எடுக்கும் முடிவுகளைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லித்தருவார்கள். கூட வேலை செய்கிறவன் இப்படி வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லமாட்டார்கள். தாடிக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய முடியும். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. அவன் கேட்டது இரண்டாவது கேள்வி. நான் ஆகாது என்று சொல்லி, அவன் தாடியை எடுத்து, என்ன காரணத்தாலோ இந்தக் குழந்தையும் தங்காமல் போனால், ஆயுள் முழுக்க அவன் கண்ணாடியில் தன் மோவாயைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைப்பான். செல்வியும் நினைப்பாள். மாஸ்க்குக்காக ஒருவன் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. எடுக்கச் சொல்லும் அதிகாரம் இருந்தது, அது வேறு.

செல்வியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாடி இருக்கட்டும்," என்றேன். "வண்டிதான் வேண்டாம். குழந்தை பொறக்கற வரைக்கும் பாய்கூட கன்ட்ரோல் ரூம்ல உக்காரு. நீ எடுக்கவும் வேணாம், பொய் சொல்லவும் வேணாம். மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் சாமிங்களுக்கும் அதேதான்."

"அப்ப நாளைக்கு ஒத்திகை?" என்று மேலதிகாரி கிட்டத்தட்ட அழுதார். "பாதி வண்டிக்கு ஆளே இருக்க மாட்டாங்களே மேடம். வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நிஜமா ஃப்ளூ வந்தா நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு வீட்ல காய்ச்சல்ல படுத்திருப்பாங்க சாமி. மீதிப் பாதியை வச்சு எப்படி ஓட்டறதுன்னு ஒத்திகை பார்ப்போம். முழு ஆளோட ஓட்டறதுக்கு எதுக்கு ஒத்திகை, அதைத் தினமும்தான் பண்றோமே."

அவமானத்தைச் சமாளிக்கச் சொன்ன சாக்கு இல்லை அது. சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், உண்மையாகவே அதுதான் சரி என்று பட்டது. சில நேரம் வாய் முந்திக்கொள்ளும், மூளை பின்னால் ஓடிவந்து ஆமாம் என்று கையெழுத்துப் போடும்.

மறுநாள் தூறலில் ஒத்திகை நடந்தது. மாணவர்கள் சிலரை நோயாளிகளாக நடிக்கச் சொல்லி தி.நகர், மயிலாப்பூர், பாலவாக்கம் என்று அங்கங்கே உட்கார வைத்திருந்தோம். காதர் பாயும் ஏழுமலையும் போனில் உட்கார்ந்தார்கள். அழைப்பு வரவர, எந்த வண்டியை எங்கே அனுப்புவது, யாரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது, யாரிடம் நீங்களே ஆட்டோ பிடித்து வாருங்கள் என்று சொல்வது, இதையெல்லாம் முடிவு செய்வதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. பாலவாக்கத்தில் மூச்சுத்திணறலோடு கிடக்க வேண்டிய பையன், வண்டி வரவே வராது என்று தெரிந்ததும் ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். காதர் பாய் அவன் பெயருக்கு எதிரில், குணமடைந்து வீடு திரும்பினார் என்று எழுதி வைத்தார். பார்க்க வந்த பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மேலதிகாரி பயந்துகொண்டிருந்தார். அவர்கள் என்னவோ, இவ்வளவு நிஜமான ஒத்திகையை இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு நன்றி சொல்லும் பொறுப்பை மேலதிகாரியே ஏற்றுக்கொண்டார்.

ஏழுமலைக்குக் கன்ட்ரோல் ரூம் பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஸ்டீயரிங் திருப்புகிறான் என்று பாய் கேலி செய்வார். ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். என்னைப் பார்த்தால் நல்லபடியாகத்தான் பேசுவான், ஆனால் தான் பாதி ஆளாகிவிட்டதாக அவனுக்கு ஓர் எண்ணம். தண்டனை கொடுத்ததாக நினைக்கிறானோ என்று எனக்கும் உறுத்தல் இருந்தது. ஆனால் வார்த்தையை மாற்றவில்லை. செல்வி வாரத்துக்கு ஒருமுறை செக்கப் முடிந்து வரும்போது என் அறைக்குள் தலையை நீட்டி, "ஒண்ணும் இல்ல மேடம், நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது.

பொங்கல் கழிந்து சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. ஏழுமலை அதை வயர்லெஸ்ஸில் எல்லா வண்டிக்கும் சொல்லிவிட்டான். "எல்லா வண்டியும் கேளுங்க, எனக்குப் பொண்ணு, தாயும் சேயும் நல்லா கீறாங்க, ஓவர்." விதிப்படி அது குற்றம். மேலதிகாரி அன்று எதுவும் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

அந்த வாரம் காய்ச்சல் அழைப்புகள் கூடிக்கொண்டிருந்தன. பெருந்தொற்று ஒன்றும் இல்லை, பருவத்துக்கு வருகிற சாதாரண ஃப்ளூதான், ஆனாலும் வண்டிகள் நிற்கவே இல்லை. சாமிகள் மலையிலிருந்து திரும்பி, தாடி எடுத்து, சோதனையில் தேறி வண்டி ஏறியிருந்தார்கள். அப்படியும் ஒரு வண்டி டிரைவர் இல்லாமல் நின்றது. செல்வியும் குழந்தையும் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஏழுமலை வழவழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றான். தாடி போனபின் முகம் பாதியாகிவிட்டது, சின்ன மோவாய், பள்ளிக்கூடப் பையன் போல இருந்தான். "யார்ரா இவன் புதுசா?" என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"சீக்கிரம் முடிங்க மேடம், வண்டி நிக்குது," என்றார் மேலதிகாரி. அவரே வண்டிச் சாவியைக் கொண்டுவந்து ஏழுமலை கையில் கொடுத்துவிட்டார். இனி இது வெறும் சம்பிரதாயம் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும், எனக்கும் அதே நினைப்புதான். பழைய மாஸ்க் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்து மாட்டினோம். உறையைக் கவிழ்த்தேன். திருவான்மியூர், அடையாறு, மந்தைவெளி என்று ஆரம்பித்தான். நான் பீய்ச்சினேன். சாந்தோம் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

"கசக்குதா ஏழுமலை?" என்றேன்.

சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். வெளியே டெக்னீஷியன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி என்னைப் பார்த்தார், நான் உறைக்குள் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கசக்குது மேடம்," என்றான். "இத வுட சின்ன சைஸு கீதா?"